தூரத்தை அளக்கும் செயலியும் மோப்பம் பிடிக்கும் நாயும்: திருவான்மியூரில் ஒரு நடைச் சேவையுடன் ஏழு மாதங்கள்

வளர்ப்பு நாய்களை வீட்டுக்கே வந்து நடைக்கு அழைத்துச் செல்லும் சேவைகள் இப்போது சென்னையில் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சென்ற ஐப்பசியில் சேர்ந்து இந்த வைகாசி வரை ஏழு மாதங்கள் சந்தா கட்டிய அனுபவத்தை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் நடக்கும் எந்தச் சேவையில் சேர நினைப்பவருக்கும் இதில் சொல்லப்படுபவை பொருந்தும் என்பதால், பெயர் இல்லாததால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது லட்டு என்னும் நான்கு வயதுப் பெண் பீகிள். வால்மீகி நகரில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் திரும்புவோம்; பகலில் லட்டுவுடன் இருப்பவர் முழங்கால் வலியுள்ள என் அம்மா. உருவத்தில் சிறியது, அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது என்று யாரோ சொன்னதை நம்பிப் பீகிளை வாங்கியவர்களில் நாங்களும் அடக்கம். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது என்பதையும், மணிக்கணக்கில் வாசனையைத் தொடர்ந்து ஓடுவதற்கே அதன் உடலும் மூக்கும் அமைந்தவை என்பதையும், ஓடும்போது எழுப்பும் ஊளை தொலைவில் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதன் குரல் அவ்வளவு கனமானது என்பதையும் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்தக் குரலைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்டவர் வேட்டைக்காரர் அல்லர், கீழ்வீட்டு மாமா. குடியிருப்புச் சங்கத்தின் புகார்ப் பதிவேட்டில் லட்டுவின் பெயர் இரண்டு முறை ஏறியது. மூன்று ஜோடிச் செருப்பும், சோபாவின் ஒரு மூலையும், வாசல் மிதியடியும் போயின. எடை 14.2 கிலோவைத் தொட்டது. கால்நடை மருத்துவர் லட்டுவின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோவாவது குறைய வேண்டும், நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே போக வேண்டும், அதோடு மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். முதல் இரண்டும் எங்களுக்குப் புரிந்தன. மூன்றாவது என்னவென்று புரிய ஆறு மாதம் ஆயிற்று.

சேவையின் விவரம் இது. நாளுக்கு ஒருமுறை, 45 நிமிடம், மாதம் 26 நாள் என்றால் 4,500 ரூபாய். காலை, மாலை இருவேளையும் வேண்டும் என்றால் 7,500. நடைக்கு வருபவரின் அடையாள அட்டை, காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று ஆகியவற்றின் படம் செயலியில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. வீட்டுச் சாவியைக் கொடுக்கவேண்டிய குடும்பங்களுக்கு இது மிகவும் முக்கியம். நடை தொடங்கியதும் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது; போன பாதை வரைபடத்தில் சிவப்புக் கோடாக நீள்கிறது; முடிந்ததும் தூரம், நேரம், சிறுநீர், மலம் எல்லாம் கணக்காக வந்து நிற்கின்றன. நடந்து வந்ததும் கால்களை ஈரத்துணியால் துடைத்து, காது மடல்களிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நாயை ஒப்படைக்கிறார்கள். சென்னையில் உண்ணிக் காய்ச்சலால் இரத்தத் தட்டணுக்கள் சரிந்து துவண்டுபோகும் நாய்கள் எத்தனை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு நிமிட வேலையின் அருமை தெரியும். இதற்கு மட்டுமே நான் ஐந்தில் ஐந்து கொடுப்பேன்.

முதலில் வந்தவர் கல்லூரி மாணவர். நேரம் தவறாதவர், ஓட்டப் பயிற்சி உள்ளவர். அவருடைய நடை 45 நிமிடத்தில் சராசரியாக இரண்டரைக் கிலோமீட்டர். சில நாள் மூன்றையும் தாண்டியது. வரைபடத்தில் கோடு அழகாக, நேராக இருக்கும். கடற்கரைச் சாலை வரை போய்த் திரும்புவதை அலுவலகத்தில் இருந்தபடி பார்த்து மகிழ்ந்தோம். ஆனால் ஒரு மாதம் கழிந்தும் லட்டுவிடம் எந்த மாற்றமும் இல்லை. நடந்து வந்து பத்து நிமிடம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும், தண்ணீர் குடிக்கும், பிறகு எழுந்துபோய் அம்மாவின் ஊன்றுகோலின் ரப்பர் முனையைக் கடிக்கத் தொடங்கும். மூன்று மணி ஊளையும் நிற்கவில்லை. நடை போதவில்லை போலும் என்று நினைத்து இருவேளைத் திட்டத்துக்கு மாறினோம். நிறுவனமும் அதைத்தான் பரிந்துரைத்தது. கூடுதலாக 3,000 ரூபாய் போனதுதான் மிச்சம். லட்டுவின் தெம்பு கூடியதே தவிர அமைதி கூடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியிலிருந்து அவர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். வாசலில் இருந்த வேப்பமரத்தின் அடியில் லட்டு நின்றது. மூக்கு மண்ணைத் தொட்டவுடன் கயிறு இறுகியது. பக்கத்து வீட்டுக் கோலத்தின் ஓரத்தில் மீண்டும் நின்றது, மீண்டும் இழுப்பு. தெருமுனையில், காலையில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைக்கும் இடத்தில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. அந்தப் பையன் செல்லமாகத்தான் இழுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தூரம் குறைந்தால் செயலி அவருக்குக் குறைந்த மதிப்பெண் தரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனித மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் சுமார் 50 லட்சம் என்றால், மோப்ப இன நாய்களில் அவை 20 கோடி முதல் 30 கோடி வரை என்று கணக்கிடுகிறார்கள். நாய் மோந்து பார்க்கும்போது உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு மூச்சுக்கும் ஒரு பங்கு மணத்துக்குமாகப் போகிறது. வெளிவிடும் காற்று நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போவதால், முகர்ந்துகொண்டிருக்கும் மணம் கலைவதில்லை. இளைத்துக்கொண்டே வேகமாக நடக்கும் நாயால் இப்படி மோப்பம் பிடிக்க முடியாது. பீகிளின் மூக்கை நம்பித்தான் அமெரிக்க வேளாண் துறை 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் ஒளிந்திருக்கும் பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்க இந்த இனத்தை வேலைக்கு அமர்த்தியது. அந்தப் படை இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட மூக்கை 45 நிமிடமும் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தபடி நடத்திவிட்டு, ‘இன்னும் ஏன் அடங்கவில்லை’ என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். 2019இல் டுரான்டன், ஹொரோவிட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மோப்ப விளையாட்டையும் மற்றொன்றுக்கு எஜமானரை ஒட்டி நடக்கும் பயிற்சியையும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். உணவு இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி, முன்பைவிட விரைவாக, நம்பிக்கையோடு போனவை மோப்பக் குழு நாய்களே. நாயின் மனநிலையை அளக்க இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

தை மாதத்தில் அந்த மாணவர் தேர்வுக்காக விலகிக்கொள்ள, வேறொரு தம்பி வந்தார். திருவான்மியூர்க் குப்பத்துக்காரர், இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் நாளே கழுத்துப் பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, மார்போடு சுற்றி மாட்டும் ஹார்னஸ் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றரை மீட்டர்க் கயிற்றுக்குப் பதிலாக மூன்று மீட்டர்க் கயிறு கொண்டு வந்திருந்தார். அன்று நானும் கூடப் போனேன். மீன்காரம்மாவின் இடத்தை அடைய எங்களுக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. முந்தைய கணக்கில் அது இரண்டு நிமிட தூரம். அங்கே லட்டு நின்ற நிலையில் நிற்க, தம்பியும் கயிற்றைத் தளரவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். பொறுமை இழந்து நான் "வா லட்டு" என்றதும், "வலை போட்டிருக்குக்கா, நடுவுல இழுத்தா மீன் போயிரும்" என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

குப்பைத் தொட்டியின் அருகே நான்கு தெருநாய்கள் இருக்கும். முந்தையவர் அவற்றின் நடுவே வேகமாகப் போய்விடுவார்; குரைப்பும் உறுமலும் வழக்கமாக நடக்கும். இந்தத் தம்பி இருபதடி முன்பே சாலையின் மறுபக்கம் மாறி, அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார். நேருக்கு நேர் போவதை நாய்கள் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும் என்பதும், நாய்களே தங்களுக்குள் வளைந்துதான் நெருங்கும் என்பதும் அவருக்கு யாரும் பாடம் எடுத்து வந்த அறிவு அல்ல. நான்கில் மூன்று நாய்களுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். பத்து நாளில் அவை லட்டுவைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டன.

தம்பி வந்த முதல் நாளின் நடை 1.1 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்த லட்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் சாப்பாட்டு மேசையின் கீழே படுத்து, மதியம் ஒரு மணி வரை எழவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அம்மா எனக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். மாசி முடிவதற்குள் மூன்று மணி ஊளை வாரத்துக்கு ஒருமுறை என்றாகி, பிறகு நின்றது. பங்குனியில் மறுபடி ஒருவேளைத் திட்டத்துக்கு இறங்கினோம்.

நிறுவனத்தின் மீதான என் முதன்மையான குறை இங்கேதான் தொடங்குகிறது. தொடர்ந்து ஐந்து நாள் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறைந்தால், ‘உங்கள் நாயின் உடற்பயிற்சி இலக்கு நிறைவேறவில்லை’ என்று எனக்கு மன்னிப்புச் செய்தி வருகிறது. அதே நேரத்தில் அந்தத் தம்பியின் மாத ஊக்கத்தொகையில் பிடித்தம் நடக்கிறது. நான் புகார் சொல்லவே இல்லை. மாறாக, ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன். கேட்டபோது, பக் வளர்ப்பவருக்கும் பீகிள் வளர்ப்பவருக்கும் சிப்பிப்பாறை வளர்ப்பவருக்கும் ஒரே அளவுகோல்தான், அதை மாற்றச் செயலியில் இடமில்லை என்றார்கள். தட்டை முகமுள்ள பக், ஷிட்ஸு போன்றவற்றுக்கு மூச்சுக்குழாயே குறுகலானது. அவற்றைச் சித்திரை மாதத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடத்துவது ஆபத்து. பார்வையால் வேட்டையாடும் சிப்பிப்பாறைக்கோ கயிற்றில் கட்டி எத்தனை கிலோமீட்டர் நடத்தினாலும், வேலியிட்ட திறந்த வெளியில் ஐந்து நிமிடம் விட்டுவிட்ட ஓட்டத்துக்கு ஈடாகாது. தூரம் அளப்பதற்கு எளிது என்பதாலேயே அது அளவுகோல் ஆகிவிட்டது.

அடுத்தது வெயில். சித்திரையில் ஒரு நாள் தம்பிக்கு விடுப்பு. ஐந்தரை மணிக்கு வரவேண்டிய மாற்று ஆள் எட்டேகாலுக்கு வந்தார். அம்மாவுக்கு மறுக்கத் தோன்றவில்லை. நாங்களும் கிளம்பும் அவசரத்தில் இருந்தோம். முழு 45 நிமிடமும் நடத்தி, இரண்டேகால் கிலோமீட்டர் என்று கணக்குக் காட்டிவிட்டுப் போனார். லட்டு திரும்பி வந்தபோது நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கயிறு கயிறாக வழிந்து, குளியலறைத் தரையில் போய் விழுந்தது. நாய்க்கு வியர்வை என்பது பாதங்களில் மட்டும் பெயரளவுக்கு உண்டு. உடலின் சூடு மூச்சிரைப்பின் வழியே, நாக்கின் ஈரம் ஆவியாவதால்தான் இறங்குகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே மதுரையில் 36 டிகிரியில் சமாளிக்கும் நாய் திருவான்மியூரில் 32 டிகிரியிலேயே தடுமாறலாம். அம்மா சமயோசிதமாகக் குழாயைத் திறந்துவிட்டு, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது உடல் வெப்பம் 40.1. நாய்க்கு இயல்பே 38.3 முதல் 39.2 வரை என்பதால், குளிர்வித்த பிறகும் அவ்வளவு இருந்தது என்றால் முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று மருத்துவரே சற்று முகம் சுளித்தார். 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். அம்மா காரில் ஏற்றும் முன்பே தண்ணீர் ஊற்றியதுதான் காப்பாற்றியது என்றார். பாதத்தின் அடித்தோல் இரண்டு இடத்தில் கொப்பளித்திருந்தது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாயை இறக்கக் கூடாது என்னும் எளிய சோதனையை அந்த மாற்று ஆளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறுவனம் அந்த ஒரு நாள் கட்டணத்தைத் திருப்பித் தந்தது. மருத்துவச் செலவைப் பற்றிக் கேட்டதற்கு ஒப்பந்தத்தின் பதினான்காவது பத்தியைக் காட்டியது. பங்குனி முதல் ஆவணி வரை காலை ஆறரைக்கு மேல் நடை கிடையாது என்று ஒரு வரி எழுதிச் சேர்க்க அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நின்ற நாட்களுக்கு ஈடாக, வீட்டுக்குள் அரை மணி நேர விளையாட்டு என்று ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் பரவும் மாதங்களில் இது நல்ல யோசனை. அதற்கென்று 1,800 ரூபாய்க்கு ஒரு பெட்டியை வாங்கச் சொன்னார்கள். துணிக்கீற்றுகள் அடர்ந்த ஒரு மோப்ப விரிப்பு, நக்கித் தின்பதற்கான சிலிகான் தட்டு, உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை ஆகியவை அதில் இருந்தன. விரிப்பு முதல் வாரம் அற்புதமாக இருந்தது. ஒரு கைப்பிடித் தீனியைத் தூவினால் லட்டு இருபது நிமிடம் மூக்கை எடுக்காது. இரண்டாம் வாரத்தில் இடுக்கில் தங்கிய துகளைத் தேடி எறும்புச் சாரை வந்தது. துவைத்துப் போட்டால் கார்த்திகை ஈரத்தில் மூன்று நாள் ஆகியும் காயாமல் பூஞ்சை நாற்றம் அடித்தது. ரப்பர் பொம்மையை நான்கு நாளில் பிய்த்துவிட்டது. விழுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும்.

அதற்குப் பதிலாக நாங்கள் வாங்கிய காங் பொம்மை இரண்டு வருடம் தாங்கும் என்று தோன்றுகிறது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் ஜெர்மன் ஷெப்பர்டு, வேனிலிருந்து கழற்றிப் போட்ட ரப்பர் உதிரிபாகம் ஒன்றை விடாமல் கடிப்பதைப் பார்த்துத்தான் இதை உருவாக்கினார். தாளிக்காத, உப்புப் போடாத தயிர்சாதத்தை அதற்குள் அடைத்து இரவே ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறோம். அரை மணி நேரம் அம்மாவுக்கு நிம்மதி. உள்ளே போகும் தீனியை அன்றைய சாப்பாட்டு அளவிலிருந்து கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எடை குறையாது. விரிப்பு செய்யும் வேலையை ஒரு பழைய துண்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டும், காகித முட்டைத் தட்டின் குழிகளில் தீனியைப் போட்டு மூடியும் செய்துகொள்ளலாம், நைந்தால் எறிந்துவிடலாம். இந்தத் தந்திரங்களில் பாதி தம்பி காட்டியவை. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் எதுவும் இதில் கலந்துவிடக் கூடாது. பாயசத்துத் திராட்சை ஒன்றிரண்டுகூடச் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பெட்டியை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இவ்வளவு செலவு ஒரு நாய்க்குத் தேவையா என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதையே குற்றமாகச் சொல்கிறது என்பதை அவருக்குச் சொன்னேன். அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் அலுவலகம் நெடுங்காலம் எங்கள் வால்மீகி நகரில்தான் இருந்தது. கேள்வி கேட்டவர் அந்த அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி முப்பது வருடமாகக் குடியிருப்பவர்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன் என்றால், ஒழுங்கான நேரமும் நம்பகமான ஆளும் வேண்டும், நாய்க்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே கவனித்துச் சொல்லத் தயார் என்பவர்களுக்கு. சேரும் முன் இரண்டு நாள் கூடவே நடந்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஒருவர் எத்தனை நாய்களைக் கூட்டிப் போகிறார் என்று கேளுங்கள். எங்கள் தெருவில் வேறொரு சேவையின் ஆள் ஐந்து கயிறுகளோடு ஸ்கூட்டர்களுக்கு நடுவே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மாற்று ஆள் வரும் நாளில் நடை வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நான் தரும் மதிப்பு ஐந்தில் மூன்று. அந்தத் தம்பிக்கு ஐந்து.

லட்டுவின் எடை இப்போது 12.3. காலை 5.30 நடையை மட்டும் இன்னும் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். மாலையில் நாங்களே போகிறோம். தூரத்தைக் காரணம் காட்டித் தம்பியின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. ‘குறிப்பில் சேர்த்துவிட்டோம் மேடம்’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. சென்ற வியாழக்கிழமை அலுவலகத்தில் இருந்தபோது செயலி மறுபடி மணியடித்தது: ‘லட்டு இன்று 0.9 கிலோமீட்டர் மட்டுமே நடந்திருக்கிறது, வருந்துகிறோம்.’ வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன். மேசைக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது, சத்தம் போடாதே என்று சொல்லி அம்மா தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.